வளைவும் உடலும்: பனவடலிசத்திரம் சாலையை முன்வைத்துச் சில எண்ணங்கள்

தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கு உரிமம் கேட்டு வரும் ஒருவருக்கு அரசு வைக்கும் தேர்வில் வளைவு என்பது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் 'எட்டு'. தரையில் வரைந்திருக்கும் எட்டின்மேல் காலை ஊன்றாமல் வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டால் அவர் ஓட்டத் தெரிந்தவர். மறுநாள் முதல் அவர் 50 கிலோமீட்டர் வேகத்திலும் 80 கிலோமீட்டர் வேகத்திலும் வளைவுகளைக் கடக்கலாம். எட்டு போட்ட உடல் அந்த வளைவுகளுக்குப் போதாது என்பதும், போதாத அந்த இடத்தை நம் இளைஞர்கள் பந்தயத் தடத்திலிருந்து கடன்வாங்கிய பாவனைகளால் நிரப்பிக்கொள்கிறார்கள் என்பதும், இதற்கு நடுவே கற்பிக்க வேண்டிய எளிய செய்திகள் சில கற்பிக்கப்படாமலே கிடக்கின்றன என்பதும் நம் வாதம்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பரதத்தின் அரைமண்டியைப் பற்றி எழுதுகிறோம். சிலம்பத்தில் கம்புக்கு முன்னால் காலடி பழக வேண்டும் என்பதை வியந்து சொல்கிறோம். மரபுக் கலைகளில் உடல் எவ்வாறு அறிவாகிறது என்று கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கிறோம். ஆனால் லட்சக்கணக்கான தமிழர்கள் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துப் பயிலும் உடற்பயிற்சி இருசக்கர வண்டி ஓட்டுவதுதான். அதற்கு ஆசான் இல்லை, பாடமுறை இல்லை, தமிழில் கலைச்சொற்களும் இல்லை. உடலைப் பற்றிய சொல்லாடலில் இவ்வளவு பெரிய மௌனம் இருப்பது நம் கவனத்துக்கு உரியது அல்லவா?

பனவடலிசத்திரம் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் இருக்கும் ஊர். 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பெயரில் வடலியும் இருக்கிறது, சத்திரமும் இருக்கிறது. இளம்பனையும் வழிப்போக்கர் தங்குமிடமும் ஆக, பெயரே சாலையோரத்தில் நிற்கிறது. இப்பகுதியின் சாலைகள் பெரும்பாலும் மானாவாரி நிலங்களுக்கு ஊடே நேராக ஓடுபவை. கண் எட்டும் தூரம் வரை தடையில்லை. ஆனால் நேர்ச்சாலைதான் வளைவை ஆபத்தாக்குகிறது. பத்து நிமிடம் நேராக ஓடிப் பழகிய வேகம், ஒரு குளக்கரைத் திருப்பத்தையோ ஊர் முகப்பையோ எதிர்கொள்ளும்போது குறைய மறுக்கிறது. மலைச்சாலை தன் வளைவுகளை அறிவித்துக்கொண்டே இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறையின் 40 வளைவுகளும் ஓட்டுபவனைப் பத்து நிமிடத்தில் மாணவனாக்கிவிடும். கரிசல் சாலை அப்படிக் கற்பிப்பதில்லை. ஒரே ஒரு வளைவைத் தந்து, அதிலேயே தேர்வும் வைத்துவிடுகிறது.

முதலில் எட்டைப் பார்ப்போம். நடை வேகத்தில் வண்டி திரும்பும்போது ஹேண்டில்பார் திரும்பும் திசையிலேயே வண்டியும் செல்லும். இறுக்கமாகத் திருப்ப வேண்டுமானால் வண்டியை உள்பக்கமாகச் சாய்த்து, உடலை வெளிப்பக்கம் நிமிர்த்திக்கொள்ள வேண்டும். நம் ஊர் பால்காரர் இரண்டு கேன்களோடு சந்துக்குள் திரும்புவதைக் கவனித்தால் இதன் முழு இலக்கணமும் விளங்கும். வண்டி ஒரு பக்கம், ஆள் மறுபக்கம். இந்த வேகத்தில் இதுவே சரியான நிலை.

வேகம் கூடியதும் இந்த இலக்கணம் மாறிவிடுகிறது. ஓடும் வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரின் இடப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது, முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் பார்க்கிறது. அந்தக் கணத்தில் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த வண்டி இடப்பக்கமாக வளைகிறது. எதிர்த்திருப்பம் என்று இதைச் சொல்லலாம். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திருப்புகிறாய் என்று மிதிவண்டிக்காரர்கள் பலரைக் கேட்டுப் பார்த்ததாகவும், முதல் கேள்வியிலேயே சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். இன்றும் நிலைமை அதுதான். எல்லோருடைய கையும் இதைச் செய்கிறது, ஒருவருடைய வாயும் இதைச் சொல்வதில்லை. சாதாரண நாளில் இதனால் கேடில்லை. வளைவின் நடுவே எதிரில் மணல் லாரி தோன்றும் அந்த ஒரு நொடியில், கை அறிந்ததை மனம் மறுத்துவிடுகிறது. பயந்தவர் தப்பிக்க வேண்டிய திசைக்கு ஹேண்டில்பாரைத் திருகுகிறார். வண்டி நிமிர்ந்து லாரியை நோக்கியே செல்கிறது. சொல்லாகாத அறிவு நெருக்கடியில் கைகொடுக்காது என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

இனி, இளைஞர்கள் மயங்கும் படிமத்துக்கு வருவோம். வண்டி தரையோடு படுத்திருக்கிறது. ஓட்டுபவன் இருக்கையை விட்டு உள்பக்கம் இறங்கித் தொங்குகிறான். முழங்கால் தார்ச்சாலையை உரசுகிறது. நம் மாணவர்கள் இதைப் 'படுக்கப் போடுவது' என்கிறார்கள். கைபேசிப் படங்களில் இதுதான் வீரம். இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் பந்தய வீரர்கள் முழங்கால்களைப் பெட்ரோல் டேங்கோடு ஒட்டி, உடலை வண்டியின் நேர்க்கோட்டிலேயே வைத்து வளைந்தார்கள். பனித்தரைப் பந்தயங்களில் பழகிவந்த பின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் 1970களின் தொடக்கத்தில் உடலை உள்பக்கம் நகர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். 1973இல் இத்தாலியின் மோன்சா தடத்தில் அவர் உயிரிழந்தார். 1978இல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ் அம்முறையை முழங்கால் உரசலாக உலகுக்குக் காட்டினார். இப்போதைய வீரர்களுக்கு முழங்கை உரசலே வழக்கமாகிவிட்டது. 60 பாகைக்கும் மேல் சாய்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இக்கலைக்கு முறையான இடங்கள் உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை மூத்த தலைமுறை நினைவில் வைத்திருக்கும். 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் 12 வளைவுகளோடு தடம் அமைந்தது. கோவையில் கரிவரதன் பெயரால் ஒரு தடம் இருக்கிறது. இருசக்கரப் பந்தயத்தில் டிவிஎஸ் அணி 1982 முதல் இயங்கிவருகிறது. இத்தடங்களில் எதிரில் வண்டி வராது, ஆடு குறுக்கே ஓடாது, வளைவுக்கு வெளியே வழுக்கிச் செல்ல வெற்றிடம் இருக்கும், தோல் உடையும் மருத்துவரும் காத்திருப்பர். அவ்வளவும் இருந்தும், 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் போட்டியின்போது விழுந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எல்லாக் காப்பும் உள்ள இடத்திலேயே அதற்கு அவ்வளவு விலை என்றால், எந்தக் காப்பும் இல்லாத இடத்தில் அதைப் பாவனை செய்வதன் விலை என்ன?

ஆபத்து என்று சொல்லி அச்சுறுத்துவதால் இளைஞர் திருந்துவதில்லை. ஆகவே கணக்கைப் பார்ப்போம். ஒரு வளைவில் வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் மட்டுமே முடிவு செய்கின்றன. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 23 பாகை சாய வேண்டும். 50 கிலோமீட்டரில் 33 பாகை. 60 கிலோமீட்டரில் 43 பாகை. வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது பக்கவாட்டு விசை இரண்டேகால் மடங்காகிறது.

உடலை உள்பக்கம் நகர்த்தினால் என்ன கிடைக்கிறது? ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 140 கிலோ என்று கொள்வோம். அவர் அரை இருக்கை நகர்ந்து, தலையையும் உள்தோளையும் சாய்த்து, தம் உடலின் எடைமையத்தை 10 சென்டிமீட்டர் தள்ளிவிட்டார். சேர்ந்த எடைமையம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்றேகால் சென்டிமீட்டர் போல நகரும். தரையிலிருந்து அதன் உயரம் 65 சென்டிமீட்டர் என்றால், வண்டிக்கு மிச்சமாகும் சாய்வு ஏறத்தாழ 3 பாகை. பந்தய வீரன்போல் முழுவதும் தொங்கினால் அதைப்போல் இரு மடங்கு கிடைக்கலாம். இப்போது மறுபக்கக் கணக்கு. அதே வளைவில் வேகத்தை 50இலிருந்து 47 கிலோமீட்டராகக் குறைத்தாலும் மிச்சமாவது அதே 3 பாகைதான். ஆக, பொதுச்சாலையில் உடலைத் தொங்கவிட்டு ஒருவர் ஈட்டுவது மணிக்கு 3 கிலோமீட்டர். பந்தயத்தில் அந்த மூன்று கிலோமீட்டரே வெற்றி. பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்பவருக்கு அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. தொங்குவதால் வண்டியின் சாய்வுதான் குறைகிறது; தரையிடம் டயர் கேட்கும் பிடிப்பு குறைவதில்லை. அதே வேகம், அதே ஆரம், அதே எடை என்றால் வேண்டிய பிடிப்பும் அதேதான். பந்தயத் தடத்தில் கால்மிதி தரையில் இடிக்காமல் இருக்கச் சாய்வு மிச்சப்பட வேண்டும். நம் சாலைகளில் கால்மிதி இடிப்பதற்கு வெகுமுன்னரே டயர் வழுக்கிவிடும். டிராக்டர் சக்கரங்கள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும், களத்துக்குப் பதிலாகச் சாலையில் பரப்பிய தானியமும், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய சரளையும் வளைவுகளில்தான் சேர்கின்றன. உலர்ந்த தாரில் கிடைக்கும் பிடிப்பில் பாதிக்கும் குறைவு அங்கே. நாம் சொன்ன 30 மீட்டர் வளைவில் பிடிப்பு 0.3 என்ற அளவுக்கு இறங்கிவிட்டால், 34 கிலோமீட்டருக்கு மேல் எந்த உடல்நிலையும் யாரையும் காப்பாற்றாது. முழங்காலை எவ்வளவு அழகாக நீட்டினாலும் மணலுக்கு அழகு தெரியாது.

அப்படியானால் வளைவில் உடலுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அது படத்தில் தெரியாத வேலை.

முதல் வேலை வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போது முன்னோக்கிச் சரியும் உடலைக் கைகள் தாங்கக் கூடாது. தொடைகளும் முழங்கால்களும் டேங்கை அணைத்துத் தாங்க வேண்டும். கைகள் தாங்கினால் ஹேண்டில்பார் விறைக்கும். விறைத்த ஹேண்டில்பார் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்காது. முழங்கை சற்று மடிந்து, பிடி தளர்ந்து, ஒரு குருவியைப் பிடித்திருப்பதுபோல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கால். பாதத்தின் நடுப்பகுதியை மிதியில் வைத்து, கால்விரல்களைக் கீழே தொங்கவிட்டு ஓட்டுவது நம்மிடையே பெருவழக்கம். சாய்ந்தவுடன் முதலில் தரையைத் தொடுவது அந்த விரல்கள்தாம். முன்பாதம் மிதியில் ஊன்றியிருக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கத் தொடை டேங்கில் பதிந்து உடலை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, மேலுடல். சாலைக்கு ஏற்ற நிலை என்பது வண்டியோடு சேர்ந்து சாய்வதும், அதைவிடச் சற்றே கூடுதலாகத் தலையையும் உள்தோளையும் வளைவை நோக்கிக் கொண்டுவருவதும்தான். இருக்கையை விட்டு இறங்க வேண்டியதில்லை. பயந்தவர்கள் வண்டி சாயும்போது தாம் மட்டும் நிமிர்ந்து நிற்க முயல்கிறார்கள். அது எட்டு போட்ட உடலின் பழக்கம். வேகத்தில் அது வண்டியைத் தேவைக்கு மேல் சாய்க்கிறது.

நான்காவது, கண். எல்லாவற்றினும் தலையாயது இது. கண் எங்கே பார்க்கிறதோ அங்கே வண்டி செல்லும். பள்ளத்தை உற்றுப் பார்த்தவர் பள்ளத்தில் விழுகிறார். மைல்கல்லைப் பார்த்தவர் மைல்கல்லில் மோதுகிறார். வளைவின் முடிவிடத்தைத் தேடிப் பார்வை முன்னே செல்ல வேண்டும், முகவாய் திரும்ப வேண்டும். தோள்கள் தாமே தொடரும். சிலம்பம் ஆடுபவர் தம் கம்பைப் பார்ப்பதில்லை என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாவது, ஆக்சிலேட்டர். வளைவுக்குள் நுழைந்தபின் அதைச் சட்டென்று மூடினால் எடை முன்சக்கரத்தின்மேல் விழுகிறது. மெலிதாக, சீராகத் திறந்து வைத்திருந்தால் வண்டி தன் வட்டத்தைத் தானே காத்துக்கொள்ளும்.

இவற்றோடு நம் நாட்டுக்கே உரிய இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சென்றால், சக்கரம் நம் பக்கத்தில் இருக்கும். சாய்ந்த தலையோ எதிர்ப்பக்கத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் பேருந்தின் முகப்பு அந்தத் தலையின் உயரத்தில்தான் வருகிறது. ஆகவே வலப்பக்க வளைவில் சக்கரத்தைத் தாராளமாக இடப்பக்கம் விட்டுச் செல்ல வேண்டும். பந்தயத் தடத்தில் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவின் உள்முனையைத் தொடுவது கலை. பொதுச்சாலையில் அது அடுத்தவரின் இடத்தைத் திருடுவது.

மற்றது பின்னிருக்கை. சேலை கட்டிய அம்மாவோ அக்காவோ இரு கால்களையும் இடப்பக்கம் போட்டு அமர்ந்திருக்கிறார். அவர் எடை இடப்பக்கம் தள்ளியிருப்பதால், அதை ஈடுகட்ட வண்டி வலப்பக்க வளைவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கிறது. அச்சத்தில் அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இன்னும் கூடும். பின்னால் இருப்பவருக்கும் உடல்நிலை உண்டு, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எந்தத் தேர்விலும் இல்லை. பின்னிருக்கையில் ஆளை ஏற்றியபின் வளைவுக்கான வேகம் வேறு என்று சொல்லிக்கொடுப்பாரும் இல்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. உயிரிழப்பு 17,884. இவை அனைத்தும் வளைவில் நேர்ந்தவை அல்ல. ஆனால் எண்களுக்குப் பின்னால் இருக்கும் வயதைக் கல்லூரி ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே கோடிழுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழும். நுட்பம் கற்பித்தால் துணிச்சல் கூடும், துணிச்சல் கூடினால் வேகம் கூடும், ஆகவே 'மெதுவாகச் செல்' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பர். இந்த மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. அரைகுறை நுட்பம் ஆணவத்தைத்தான் வளர்க்கும். ஆனால் 'மெதுவாகச் செல்' என்ற அறிவுரையை நம் இளைஞர்கள் பேருந்தின் பின்புற வாசகமாக மட்டுமே அறிவார்கள். 50இல் 33 பாகை, 47இல் 30 பாகை என்ற கணக்கைக் கண்டவனுக்கு மெதுவாகச் செல்வது கோழைத்தனமாகத் தெரியாது. முழங்காலை உரசி ஈட்டும் அதே பயனைப் பிரேக்கைத் தொட்டு ஈட்டலாம் என்று விளங்கிக்கொள்வதும் ஒரு நுட்பம்தான். தெரியாமல் மெதுவாகச் செல்பவன் ஒருநாள் வேகமாகச் செல்வான். தெரிந்து மெதுவாகச் செல்பவனுக்கு அந்த ஆசை வந்தாலும் கணக்கும் கூடவே வரும்.

நம் மரபில் தேரோட்டிக்கு ஓர் இடம் உண்டு. வலவன் என்ற அழகிய சொல்லும் உண்டு. முல்லைத்திணைப் பாடல்களில் தலைவன் வீட்டுக்கு விரைகிறான். விரைவுதான் அங்கே உணர்ச்சி. ஆயினும் அகநானூற்றின் நான்காம் பாடலில், பூவில் தேனருந்தும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று மணிகளின் நாவைக் கட்டிவிட்டு ஒருவன் தேரில் வருகிறான். அவன் விரையத் தெரியாதவன் அல்லன். தன் வேகம் பிறர்மேல் என்ன செய்யும் என்று அறிந்தவன். ஓட்டுதலின் உயர்ந்த நிலையாக நம் கவிஞர் கண்டது அதைத்தான். இதை வகுப்பில் நயம் பாராட்டிவிட்டு, வாசலில் நிற்கும் 60 வண்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போவது சரியா என்பதே நம் கேள்வி.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. உரிமத் தேர்வில் எட்டு இருக்கட்டும். அதோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் ஒரு வளைவும், அதற்குமுன் வேகம் குறைத்தலும், பின்னிருக்கையில் ஆளோடு ஒரு சுற்றும் சேரட்டும். கல்லூரிகளில் சாலைப் பாதுகாப்பு என்ற பெயரில் பேரணியும் வாசகப் போட்டியும் நடத்துகிறோம். அந்த நாளில் விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு வளைவு வரைந்து, பார்வையை எங்கே வைப்பது, டேங்கை எப்படி அணைப்பது என்று தேர்ந்த ஒருவரைக் கொண்டு பழக்கலாம். தமிழ் படித்தவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. எதிர்த்திருப்பம், உள்சாய்வு, வெளிச்சாய்வு, பார்வைப்புள்ளி என்று நான்கு சொற்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தால், மெக்கானிக் கடையிலும் தேநீர்க் கடையிலும் இதைப் பற்றிப் பேச முடியும். பேச முடிந்ததைத்தான் திருத்தவும் முடியும். 'படுக்கப் போடுவது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் தலைமுறைக்குச் சாய்வதற்கும் படுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்லால் காட்டுவது நம் வேலை.